வேண்டுமென்றே கோணலாக்கிய காந்தப்புலம்

1960களில் அணுக்கரு காந்த ஒத்ததிர்வுக் கருவியோடு மல்லுக்கட்டிய வேதியியல் மாணவர் ஒருவரிடம், உங்கள் முதல் எதிரி யார் என்று கேட்டிருந்தால், காந்தப்புலத்தின் சீரின்மை என்று யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பார். இரண்டு பெரிய காந்த முனைகள். நடுவே பென்சில் தடிமன்கூட இல்லாத கண்ணாடிக் குழாய். அதற்குள் ஆராய வேண்டிய கரைசல். குழாயின் மேல்பகுதியில் இருக்கும் காந்தப்புலத்துக்கும் கீழ்ப்பகுதியில் இருப்பதற்கும் பத்துக் கோடியில் ஒரு பங்கு வித்தியாசம் வந்தால்கூட, வரைதாளில் கூராக எழ வேண்டிய கோடு மழுங்கிப் பரந்துவிடும். அதைச் சரிக்கட்ட காந்தத்துக்குப் பின்னால் மெல்லிய உலோகத் தகடுகளைச் செருகினார்கள். சுற்றிலும் சிறு கம்பிச்சுருள்களை வைத்து, அவற்றில் ஓடும் மின்சாரத்தைத் திருகித் திருகிக் கூட்டிக் குறைத்தார்கள். அப்படியும் தீராத மிச்சத்தை, குழாயையே காற்றால் சுழலவிட்டுச் சராசரியாக்கி மறைத்தார்கள். ஒரு நாள் வேலையில் பாதி இதற்கே போனது.

எம்.ஆர்.ஐ. பிறந்தது, இந்த எதிரியை ஒருவர் வலியக் கூப்பிட்டு உட்கார வைத்தபோது. புலம் சீராக இல்லாவிட்டால் என்ன, அதை நமக்குத் தெரிந்த அளவில் நாமே கோணலாக்கினால் என்ன என்று அவர் யோசித்தார். அதன் பிறகும் இந்தக் கருவியின் வரலாற்றில் இதே கதை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. படத்தைக் கெடுக்கிறது என்று ஒரு தலைமுறை திட்டிய விஷயம், அடுத்த தலைமுறையில் தனிப் பரிசோதனையாகி நோயாளியின் கோப்பில் ஏறியிருக்கிறது.

அந்த யோசனை ஏன் வேலை செய்தது என்று புரிய, கொஞ்சம் இயற்பியல் வேண்டும். நம் உடல் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். ஹைட்ரஜனின் கரு ஒற்றைப் புரோட்டான். அதற்குத் தற்சுழற்சி உண்டு. ஆகவே அது ஒரு நுண்காந்தமும்கூட. வலுவான காந்தப்புலத்துக்குள் வைத்தால், வேகம் குறையும் பம்பரம் சாய்ந்தபடி தலையைச் சுற்றுவதுபோல, அது புலத்தின் திசையைச் சுற்றித் தலையாட்டத் தொடங்கும். ஒரு வினாடிக்கு எத்தனை முறை என்பது புலத்தின் வலிமையை மட்டுமே பொறுத்தது. 1 டெஸ்லா புலத்தில் 4 கோடியே 25 லட்சம் முறைக்குக் கொஞ்சம் மேல், அதாவது 42.58 மெகாஹெர்ட்ஸ். புலம் இரண்டு மடங்கானால் இதுவும் இரண்டு மடங்கு. மருத்துவமனைகளில் பரவலாக இருக்கும் 1.5 டெஸ்லா கருவியில் ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸ். எஃப்.எம். வானொலி இயங்கும் அலைவரிசைக்குச் சற்றுக் கீழே.

அதே அதிர்வெண்ணில் வெளியிலிருந்து ஒரு வானொலி அலையை அனுப்பினால் புரோட்டான்கள் அதை ஏற்றுக்கொண்டு சாயும். அலையை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும்போது அவையே ஒரு மெல்லிய வானொலிச் சமிக்ஞையை வெளியிடும். ஒத்ததிர்வு என்பது இதைத்தான். வேறு அதிர்வெண்ணில் அனுப்பினால் புரோட்டான்கள் கண்டுகொள்ளாது.

அந்தச் சமிக்ஞை எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்லாமல் போனால் இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். புரோட்டான்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பி நிற்பதில்லை. ஏறத்தாழப் பாதி புலத்தின் திசையிலும் மீதி எதிர்த்திசையிலுமாக நின்று ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும். 1.5 டெஸ்லாவில், உடலின் வெப்பநிலையில், பத்து லட்சத்துக்குச் சுமார் 5 மட்டுமே ஒரு பக்கம் அதிகமாக நிற்கின்றன. நமக்குக் கிடைக்கும் படம் முழுக்க அந்த ஐந்தின் புண்ணியம். ஆனால் ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் கருக்களின் எண்ணிக்கையை எழுத 23 இலக்கங்கள் வேண்டும். ஆகவே அந்த ஐந்தும் போதும்.

இந்த ஒத்ததிர்வை முதலில் அளந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இசிடோர் ராபி. 1938இல் வெற்றிடத்தில் பாயும் மூலக்கூறுக் கற்றையில் அளந்தார். 1944க்கான நோபல் அவருக்குக் கிடைத்தது. கற்றையாக இல்லாமல் திடத்திலும் திரவத்திலும் இதைப் பார்க்க முடியுமா என்ற கேள்விக்குப் போர் முடிந்த கையோடு இரண்டு குழுக்கள் பதில் சொல்லின. ரேடார் வேலையிலிருந்து விடுபட்ட எட்வர்டு பர்செல், ராபர்ட் பவுண்டு, ஹென்றி டோரி மூவரும் 1945 டிசம்பரில் பாரஃபின் மெழுகில் கண்டார்கள். நாட்டின் மறுகோடியில், ஸ்டான்ஃபோர்டில், ஃபெலிக்ஸ் பிளாக்கின் குழு சில வாரங்களுக்குள் தண்ணீரில் கண்டது. 1952இல் பர்செலும் பிளாக்கும் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். முதல் சோதனை நடந்த குளிர்காலத்தில் தன் வீட்டு வாசலில் குவிந்திருந்த பனியைப் பார்த்தபோது, பூமியின் காந்தப்புலத்தில் அமைதியாகத் தலையாட்டும் புரோட்டான் குவியலாகவே அது தெரிந்தது என்று பர்செல் தன் நோபல் உரையில் சொன்னார். இயற்பியலாளர்களின் நோபல் உரைகளில் இப்படி ஓரிடம் கிடைப்பது அபூர்வம்.

நான் சொன்ன கதையின் முதல் அத்தியாயம் இங்கேயே வந்துவிடுகிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எர்வின் ஹான் என்ற இளைஞர் அடுத்தடுத்து இரண்டு வானொலித் துடிப்புகளை அனுப்பிச் சோதனை செய்துகொண்டிருந்தார். திரையில், எதிர்பாராத இடத்தில், ஒரு மேடு எழுந்தது. கருவியில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தார். அது கோளாறு இல்லை. முதல் துடிப்புக்குப் பின் ஆளுக்கொரு வேகத்தில் தலையாட்டிச் சிதறிப்போன புரோட்டான்களை இரண்டாவது துடிப்பு திருப்பிவிட, அவை மீண்டும் ஒன்றுகூடி எழுப்பிய எதிரொலி. 1950இல் அதை விளக்கி எழுதினார். இன்று எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படங்களில் பெரும்பகுதி இந்த எதிரொலியைப் பிடித்துச் செய்தவை.

அடுத்த இருபது ஆண்டுகள் இந்த நுட்பம் வேதியியலாளர்களின் கையில் இருந்தது. மூலக்கூறுகளின் கட்டமைப்பைக் கண்டறிய இதைவிட நல்ல கருவி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. உயிருள்ள திசுவைப் பார்க்க வேண்டும் என்று முழு வேகத்தில் இறங்கியவர் நியூயார்க், புரூக்ளினில் இருந்த மருத்துவர் ரேமண்ட் டமேடியன். சாய்ந்த புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்பப் பிடிக்கும் நேரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. கட்டற்ற தண்ணீரில் அதிகம், புரதங்களோடு ஒட்டிக்கிடக்கும் தண்ணீரில் குறைவு, கொழுப்பில் இன்னும் குறைவு. இந்த நேரங்களைத் துறையில் டி1, டி2 என்பார்கள். எலிகளின் புற்றுக்கட்டிகளில் இந்த இரண்டும் நல்ல திசுவைவிட நீள்கின்றன என்று டமேடியன் 1971 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். கத்தி வைக்காமல் புற்றுநோயைக் கண்டுபிடிக்க ஒரு வழி என்பது அவர் கனவு. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் வெண்பகுதியும் சாம்பல்பகுதியும் தனித்தனி நிறத்தில் தெரிவதற்கும், வீங்கிய இடம் பளிச்சென்று தெரிவதற்கும் இந்த நேர வித்தியாசங்களே அடிப்படை. இந்தப் பங்கை யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது.

ஆனால் அவர் செய்தது அளவீடு, படம் அல்ல. எலியை வெட்டி, திசுவை எடுத்து, குழாயில் போட்டு அளந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் பென்சில்வேனியாவின் நியூ கென்சிங்டன் என்ற சிற்றூரில், இன்னொரு ஆய்வாளர் அதே சோதனையைத் திரும்பச் செய்வதை ஒரு வேதியியலாளர் அருகில் நின்று பார்த்தார். பெயர் பால் லாட்டர்பர். ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகப் பேராசிரியர். அளவுகள் அவருக்கு நம்பிக்கை தந்தன. எலியை வெட்டுவது பிடிக்கவில்லை. திசுவை வெளியே எடுத்துவிட்ட பிறகு நுண்ணோக்கியில் பார்த்தே சொல்லிவிடலாமே, இந்தக் கருவி எதற்கு? உடலுக்குள் இருக்கும்போதே, எந்தச் சமிக்ஞை எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தால்தானே பயன்?

அன்று மாலை ஓர் உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விடை கிடைத்தது என்று லாட்டர்பரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். புலத்தின் வலிமையே அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. அப்படியானால் இடது பக்கம் கொஞ்சம் வலு குறைவாகவும், வலது பக்கம் போகப்போக வலு கூடுவதாகவும் புலத்தைச் சரிவாக வைத்தால், இடது பக்கத்துப் புரோட்டான்கள் குறைந்த அதிர்வெண்ணிலும் வலது பக்கத்துப் புரோட்டான்கள் கூடிய அதிர்வெண்ணிலும் பேசும். அதிர்வெண்ணைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடலாம். சரிவின் திசையை மாற்றி மாற்றி அளந்தால் முழுப் படத்தையும் கணக்கிட்டு வரைந்துவிடலாம். வேதியியலாளர்கள் தகடு செருகியும் குழாயைச் சுழற்றியும் துரத்திய அதே சீரின்மை! உடனே ஒரு குறிப்பேடு வாங்கி எழுதி, சாட்சிக் கையெழுத்தும் பெற்றார்.

முதல் படம் பார்க்க ஒன்றுமில்லாதது. கனநீர் நிரப்பிய குழாய்க்குள் சாதாரணத் தண்ணீர் அடைத்த இரண்டு நுண்குழாய்கள்; படத்தில் இரண்டு மங்கல் பொட்டுகள். ஆனால் கனநீரையும் சாதாரணத் தண்ணீரையும் வேறுபடுத்திக் காட்டிய படம் உலகில் அதற்கு முன் இல்லை. 'நேச்சர்' இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. லாட்டர்பர் விடவில்லை, திருத்தி மீண்டும் அனுப்பி, 1973 மார்ச்சில் அச்சேற்றினார். அவருடைய பல்கலைக்கழகம் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் செலவு திரும்பி வராது என்று கணக்குப் போட்டு விலகிக்கொண்டது. பல்கலைக்கழக நிர்வாகங்கள் போட்ட தப்புக் கணக்குகளில் இதற்கு முன்வரிசையில் இடமுண்டு. அவர் படம் எடுத்த முதல் உயிரினம், அவருடைய மகள் கடற்கரையில் பொறுக்கி வந்த ஒரு சின்னஞ்சிறு மட்டி.

லாட்டர்பருக்கு முன்பே இந்த வாசலருகே வந்துபோனவர்கள் உண்டு. பர்செலின் மாணவர் ஹெர்மன் கார் 1952இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் சரிவான புலத்தைக் கொண்டு ஒற்றைப் பரிமாணத்தில் இடம் பிரித்துக் காட்டியிருக்கிறார். சோவியத் நாட்டில் விளாதிஸ்லாவ் இவானோவ் 1960இலேயே ஏறத்தாழ இதே யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அது கிடைத்தது 1984இல். அதற்குள் உலகம் முழுக்க இயந்திரங்கள் விற்பனையாகிக்கொண்டிருந்தன.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு வேறு வாசல் வழியாக அதே அறைக்குள் வந்தார். 15 வயதில் பள்ளியை விட்டு அச்சுக்கூடத்தில் வேலை பழகியவர். மாலை வகுப்புகளில் படித்து மேலே வந்தவர். படிகத்தில் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தைச் சரிவான புலத்தால் பார்க்க முடியுமா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். உடலின் ஒரு குறிப்பிட்ட குறுக்குவெட்டை மட்டும் தேர்ந்தெடுக்கும் வழியை அவர் குழு கண்டது. 1977இல் உயிருள்ள மனிதரின் விரலைப் படமெடுத்தார்கள். எலும்பும் தசைநாரும் தெரிந்தன. 1978இல் முழு உடல் கருவி தயாரானதும் மான்ஸ்ஃபீல்டே உள்ளே போய் நின்று தன் வயிற்றைப் படமெடுக்க வைத்தார். மாறும் புலம் இதயத்தை நிறுத்திவிடலாம் என்று அவரை எச்சரித்தவர்கள் இருந்தார்கள். தன் கணக்கின்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை பெரிது. ஒரே துடிப்பில், ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் ஒரு முழுப் படத்தை எடுக்கும் முறையை 1977இல் அவர் கணக்காக எழுதிவைத்தார். அந்த வேகத்தைத் தாங்கும் மின்னணுக் கருவிகள் வர இன்னும் பத்தாண்டு பிடித்தது.

இடையில் ஒரு முக்கியமான படி சூரிக் நகரில் நடந்தது. சமிக்ஞையில் கலந்திருக்கும் அதிர்வெண்களைக் கணக்கால் பிரிக்கும் ஃபூரியர் முறையை ரிச்சர்டு எர்ன்ஸ்ட் 1966இலேயே இந்தத் துறைக்குள் கொண்டுவந்திருந்தார். படமெடுக்கவும் அதைப் பயன்படுத்தலாம் என்று 1975இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் முதல் ஆசிரியர் அனில் குமார். பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கியவர். எம்.ஆர்.ஐ. வரலாற்றைச் சொல்லும்போது நம்மூர்ப் புத்தகங்களே அவர் பெயரை விட்டுவிடுவது எனக்குக் குறை. அந்த வழியை நடைமுறைக்கு ஏற்றபடி மாற்றியவர்கள் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் ஜான் மல்லார்டின் குழுவினர். 1980 ஆகஸ்டு 28 அன்று அவர்கள் ஒரு நோயாளியைப் படமெடுத்தார்கள். மார்பில் இருந்த கட்டி, கல்லீரலில் இருந்த கோளாறு, எலும்புக்குப் பரவிய புற்று மூன்றும் படத்தில் இருந்தன. மருத்துவருக்குப் பயன்பட்ட முதல் முழு உடல் எம்.ஆர்.ஐ. என்று அதைச் சொல்லலாம்.

டமேடியனும் சும்மா இருக்கவில்லை. மீக்கடத்திக் காந்தத்தைத் தன் மாணவர்களோடு கையாலேயே சுற்றிச் செய்தார். அந்த இயந்திரத்துக்கு 'அடங்காதது' என்ற பொருளில் பெயரும் வைத்தார். முதலில் உள்ளே உட்கார்ந்தவர் அவரே. பருத்த உடம்பு, சமிக்ஞை கிடைக்கவில்லை. 1977 ஜூலை 3 அன்று ஒல்லியான மாணவர் ஒருவரை உட்கார வைத்து, ஏறக்குறைய 5 மணி நேரத்தில் மார்பின் குறுக்குவெட்டு ஒன்றை எடுத்தார்கள். புள்ளி புள்ளியாக ஆளையே நகர்த்தி நகர்த்தி எடுத்த படம். அந்த முறை அதோடு நின்றுவிட்டது. பிற்பாடு அவர் நிறுவனம் விற்ற இயந்திரங்களிலும் லாட்டர்பரின் சரிவுப் புலமே வேலை செய்தது. காப்புரிமை மட்டும் அவர் கையில் வலுவாக இருந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டு 1997இல் 12 கோடி டாலருக்கு மேல் வாங்கினார்.

2003 மருத்துவ நோபல் லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் போனபோது, அமெரிக்க நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து, வெட்கக்கேடான அநீதி என்று டமேடியன் முழங்கினார். ஒரு பரிசை மூவர் வரை பகிரலாம். மூன்றாவது இடம் காலியாக இருந்தது என்பதும் உண்மை. என் கருத்து இது: பரிசு படமெடுக்கும் முறைக்குக் கொடுக்கப்பட்டது, அந்த வகையில் தேர்வு சரி. ஆனால் திசுக்களுக்குள் வித்தியாசம் இருக்கிறது என்று டமேடியன் காட்டாமல் இருந்திருந்தால் லாட்டர்பர் நியூ கென்சிங்டனில் எதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்? காலி இடத்தை நிரப்பியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

மருத்துவர்கள் இந்தக் கருவியை உடனே வரவேற்றுவிடவில்லை. 1971இல் வந்த சி.டி. ஸ்கேன் அப்போதுதான் புகழின் உச்சியில் இருந்தது. சி.டி. பார்ப்பது எக்ஸ்-கதிரை எது எவ்வளவு தடுக்கிறது என்பதை. எலும்பும் ரத்தக்கசிவும் அதில் நன்றாகத் தெரியும். மண்டையோட்டின் அடிப்பகுதியில் தடித்த எலும்புகளுக்கு நடுவே இருக்கும் சிறுமூளையும் மூளைத்தண்டும், அந்த எலும்புகளால் படத்தில் விழும் கோடுகளுக்குள் மறைந்துபோகும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் நரம்பிழைகளின் உறை அரிக்கப்பட்டு மூளையெங்கும் திட்டுகள் விழும்; அவை எக்ஸ்-கதிருக்கு ஏறத்தாழக் கண்ணுக்குத் தெரியாதவை. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் 1981இல் இந்த நோயுள்ள 10 பேரை இரண்டு கருவிகளிலும் பார்த்தார்கள். சி.டி. காட்டியது 19 திட்டுகள். புதிய கருவி கூடுதலாக 112ஐக் காட்டியது. நரம்பியல் மருத்துவர்களை அதற்குமேல் சமாதானப்படுத்தத் தேவை இருக்கவில்லை. 'அணுக்கரு' என்ற சொல் நோயாளிகளைக் கதிர்வீச்சு, அணுகுண்டு என்று மிரட்டியதால் அதைப் பெயரிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். உண்மையில் இதில் எக்ஸ்-கதிரும் இல்லை, கதிரியக்கமும் இல்லை.

அபாயம் வேறு இடத்தில் இருக்கிறது. 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு. அதை உண்டாக்குவது நியோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருள். திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் வைத்தால் அந்தக் கம்பிக்கு மின்தடை முற்றிலும் போய், அது மீக்கடத்தியாகிவிடும். ஒருமுறை ஏற்றிய மின்னோட்டம் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த ஹீலியத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1868 ஆகஸ்டு 18 முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க ஐரோப்பிய வானியலாளர்கள் தொலைநோக்கிகளோடு வந்திறங்கியது அன்றைய சென்னை மாகாணத்து குண்டூருக்கு. அந்த ஆண்டு சூரிய ஒளியில் கண்ட ஒரு மஞ்சள் கோட்டிலிருந்தே ஹீலியம் என்ற தனிமத்தின் கதை தொடங்குகிறது. சூரியனில் கண்டுபிடித்த வாயு ஆயிரம் லிட்டருக்கு மேல் திரவமாகி வழக்கமான எம்.ஆர்.ஐ. கருவிக்குள் கிடக்கிறது. அண்மைக் காலமாக 7 லிட்டரில் வேலையை முடிக்கும் கருவிகளும் வந்திருக்கின்றன.

மீக்கடத்திக் காந்தத்துக்கு ஓய்வு கிடையாது. ஸ்கேன் நடக்காதபோதும், விளக்கணைத்துப் பூட்டிய இரவிலும், அது முழு வலுவோடு இழுத்துக்கொண்டிருக்கும். இதை மறந்ததால் உயிர்கள் போயிருக்கின்றன. 2001இல் நியூயார்க் மாநிலத்தில் உள்ளே படுத்திருந்த 6 வயதுச் சிறுவன்மேல் ஆக்சிஜன் சிலிண்டர் பாய்ந்தது. 2018 ஜனவரியில் மும்பையில் நோயாளிக்குத் துணையாக வந்த இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் நுழைந்து இறந்தார். வாசலில் நிற்கும் டெக்னீஷியன் நகை, கொண்டை ஊசி, பெல்ட் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு உயிரை வாங்குகிறாரே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். இதயத்தில் பேஸ்மேக்கர், காதுக்குள் காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாயில் பழைய கிளிப், கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத் துகள் என எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உள்ளே கேட்கும் அந்தத் தடதட சத்தம் கோளாறு அல்ல. சரிவுப் புலத்தை உண்டாக்கும் சுருள்களில் மின்சாரம் வினாடிக்குப் பலநூறு முறை திசைமாறும்போது, அவை பெரிய காந்தத்தின் இழுப்பில் அதிர்கின்றன. நீங்கள் கேட்பது லாட்டர்பரின் யோசனை வேலை செய்யும் சத்தம்.

இன்று தண்டுவடம், மூட்டு, கர்ப்பப்பை, புராஸ்டேட், இதயத்தசை, பித்தக்குழாய் என்று இது தொடாத இடம் குறைவு. முழங்காலில் கிழிந்த ஜவ்வை அறுக்காமல் பார்க்கிறார்கள். மாரடைப்புக்குப் பிறகு எந்தத் தசை செத்தது, எது மயங்கிக் கிடக்கிறது என்று பிரிக்கிறார்கள். 1988இல் விற்பனைக்கு வந்த கேடோலினிய மருந்தை ஊசியில் ஏற்றினால், ரத்தக்குழாயின் தடுப்பு உடைந்த இடங்கள் பளிச்சிடும். மூளைக் கட்டிகளைப் பார்க்க அது பெரிய உதவி. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குப் பழைய வகை கேடோலினிய மருந்துகள் தோலை இறுக்கிவிடும் கொடிய நோயைத் தந்தன என்று 2006இல் தெரியவந்தது. ஊசிக்கு முன் கிரியாட்டினின் அளவைக் கேட்பது அதனால்தான்.

தொல்லை கருவியான கதைக்குத் திரும்புகிறேன். சமிக்ஞையைத் திருடும் இன்னொரு எதிரியை ஹானும் காரும் பர்செலும் 1950களிலேயே அடையாளம் கண்டிருந்தார்கள். தண்ணீர் மூலக்கூறு ஓரிடத்தில் நிற்பதில்லை, அலைந்துகொண்டே இருக்கும். சரிவான புலத்தில் அலைந்தால் அதன் அதிர்வெண் மாறிக்கொண்டே போய், எதிரொலி தேய்ந்துவிடும். பிரெஞ்சு மருத்துவர் டெனிஸ் லெ பிஹான் 1980களின் நடுவில் அந்தத் தேய்மானத்தையே படமாக்கினார்: எங்கே தண்ணீர் சுதந்திரமாக அலைகிறது, எங்கே அலைய முடியாமல் கிடக்கிறது. இதனால் என்ன பயன் என்று பலருக்குப் புரியவில்லை. 1990இல் கலிஃபோர்னியாவில் மைக்கேல் மோஸ்லியின் குழு பூனைகளின் மூளை ரத்தக்குழாயை அடைத்துப் பார்த்தது. ரத்தம் நின்ற ஒரு மணி நேரத்துக்குள் செல்கள் வீங்கி, தண்ணீரின் நடமாட்டம் ஒடுங்கி, அந்த இடம் படத்தில் விளக்குப் போட்டதுபோல் எரிந்தது. அதே நேரத்தில் மற்ற வகைப் படங்களில் ஒன்றுமே தெரியவில்லை.

பக்கவாத சிகிச்சையில் இதற்கு நேரடி விளைவு உண்டு. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நோய் தாக்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இரவு நன்றாகப் படுத்தவர் காலையில் கை விளங்காமல் எழுந்தால் கணக்கு எங்கே தொடங்குகிறது? நீர் நடமாட்டப் படத்தில் பாதிப்பு தெரிந்து, வீக்கத்தைக் காட்டும் இன்னொரு வகைப் படத்தில் இன்னும் தெரியாவிட்டால், தாக்கி அதிக நேரம் ஆகவில்லை என்று கொள்ளலாம். இப்படித் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஊசி பயன் தருகிறது என்று 2018இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. கடிகாரம் சொல்லாத நேரத்தைத் தண்ணீர் சொல்கிறது.

ரத்தமும் இப்படித்தான். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தத் தன்மை பெறும் என்று லைனஸ் பாலிங் 1936இலேயே அளந்து சொல்லிவிட்டார். அதன் இரும்பு சுற்றியுள்ள புலத்தைக் குலைத்து, படத்தில் கறைபோல் விழும். பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா 1990இல் எலி மூளையில் அந்தக் கறைகளைக் கவனித்தார். சுவாசிக்கும் காற்றை மாற்றினால் கறை மாறியது. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே புது ரத்தம் தேவைக்கு மேல் பாயும், கறை வெளுக்கும். 1992இல் மனிதர்களில் இதைக் காட்டினார்கள். பேசும்போது, விரலை அசைக்கும்போது, மூளையில் எந்த இடம் உழைக்கிறது என்று பார்க்கும் முறை அங்கிருந்து வந்தது. கட்டியை அறுப்பதற்கு முன் பேச்சு மையம் எங்கே இருக்கிறது என்று அறுவை மருத்துவர் தெரிந்துகொள்ள இது நல்லது. காதலின் இடம், கடவுளின் இடம் என்று வண்ணப் பொட்டு வைத்த செய்திகளை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2009இல் சில ஆய்வாளர்கள் செத்த சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் உணர்ச்சிகள் வெளிப்படும் படங்களைக் காட்டினார்கள். புள்ளியியல் திருத்தம் செய்யாமல் கணக்கிட்டபோது, செத்த மீனின் மூளையிலும் சில புள்ளிகள் 'வேலை செய்தன'.

படம் தெளிவாக இருப்பதாலேயே வரும் சிக்கலும் உண்டு. 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரின் இடுப்புப் பகுதியைப் படமெடுத்தார்கள். 52 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 விழுக்காடு மட்டுமே. முதுகு பிடித்துக்கொண்ட மறுநாளே ஸ்கேன் எடுத்துக்கொண்டு, அறிக்கையில் 'பிதுக்கம்' என்ற சொல்லைப் பார்த்து ஒடிந்துபோகிறவர்களுக்கு இந்த எண்ணைச் சொல்ல வேண்டும். கால் மரத்துப்போவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, காய்ச்சலோடு வலி, முன்பு புற்றுநோய் வந்தவர் என்பது போன்ற அறிகுறி இருந்தால் தாமதிக்கக் கூடாது. மற்றபடி, பெரும்பாலான முதுகுவலி ஸ்கேன் வரும் முன்பே போய்விடும்.

இனி இந்தக் கருவி எந்தப் பக்கம் போகும்? ஒரு பக்கம், பாரிஸுக்கு வெளியே சக்லேயில் 132 டன் எடையுள்ள காந்தம். 11.7 டெஸ்லா, 7,500 லிட்டர் ஹீலியம். 2024இல் மனித மூளையை நான்கே நிமிடங்களில் 0.2 மில்லிமீட்டர் நுணுக்கத்தில் எடுத்துக் காட்டினார்கள். மறுபக்கம், 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 0.064 டெஸ்லா கருவி. சக்கரம் வைத்து ஐ.சி.யூ. கட்டில் வரை தள்ளிப்போய் சாதாரண பிளக்கில் சொருகலாம். உகாண்டாவின் ம்பராரா பல்கலைக்கழகத்தில், குழந்தைகளின் தலையில் நீர் கோத்துக்கொள்ளும் நோயைப் பார்ப்பதற்காக, நிலைக்காந்தத் துண்டுகளை வளையமாக அடுக்கிச் செய்த 0.05 டெஸ்லா கருவியை 2022இல் அங்கேயே பூட்டி எழுப்பினார்கள். ஹீலியம் வேண்டாம், வெளி வானொலி அலைகளைத் தடுக்கும் செம்புக் கூண்டறை வேண்டாம். அதன் புலம் சீரானதும் அல்ல. எவ்வளவு கோணல் என்று அளந்து, படத்தைக் கணினி திருத்திக்கொள்கிறது. படம் கொஞ்சம் மங்கல்தான். மூளையில் நீர் கோத்திருக்கிறதா, குழாய் வைக்க வேண்டுமா என்று மருத்துவர் முடிவெடுக்க அந்த மங்கல் போதும். இரண்டில் எது அதிக உயிர்களைக் காக்கும் என்று கேட்டால், நான் உகாண்டாவின் பக்கம்.